“உறவு எதுவும் நடக்கல”: ஒரு தொலைபேசிக் கேள்வியும் அதன் பின் 7 மாதங்களும்

இந்த நிகழ்வில் வரும் இருவரும் இதை எழுதச் சம்மதித்தவர்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கும் மருத்துவ விவரங்களும் நடந்தபடியே இருக்கின்றன. பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நான் ஆலோசகர். இந்த நிகழ்வில் முதல் தவறு என்னுடையது. என்னைப் போலத் தொலைபேசியில் பதில் சொல்கிறவர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## பின்னணி

இளைஞருக்கு வயது 28, பெண்ணுக்கு 26. ஒரு வருடத்துக்கு மேல் பழகியவர்கள். முழு உடலுறவு இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கர்ப்பம், நோய் இரண்டுக்கும் அதுவே போதுமான காவல் என்று நம்பினார்கள். இளைஞருக்கு 3 ஆண்டுகளுக்கு முன் வேறொருவரோடு உறவு இருந்தது. பெண்ணுக்கு அது தெரியும். பெண்ணுக்கு இதற்கு முன் யாருடனும் நெருக்கம் இருந்ததில்லை.

ஒரு மாலை அவர்கள் தனிமையில் இருந்தார்கள். முத்தம், ஆடையில்லாமல் உடலோடு உடல் உரசல், கைகளால் தொடுதல், இளைஞரின் வாய் பெண்ணின் பிறப்புறுப்பில் பட்டது. ஆண்குறி உள்ளே நுழையவில்லை. விந்து பெண்ணின் தொடையில் பட்டது, துடைத்துவிட்டார்கள். இந்த மாலையிலிருந்து நாட்களை எண்ணுகிறேன்.

அதற்கு நான்கு நாள் முன்பு இளைஞரின் கீழ் உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து, உடைந்து, அந்த மாலையில் பொருக்குத் தட்டியிருந்தன. சிறு வயதிலிருந்தே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அவருக்கு இப்படி வரும். உடம்புச் சூட்டில் வருகிற சூட்டுக் கொப்புளம் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அவரும் அதை ஒரு நோயாக நினைத்ததே இல்லை. இந்த விவரம் எங்களுக்குக் கிடைத்தது 8ஆம் நாள்தான்.

## முதல் நாள்: தொலைபேசியில் ஒரு கேள்வி

மறுநாள் காலை இளைஞர் எங்கள் ஆலோசனை எண்ணுக்கு அழைத்தார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “மேடம், உறவு எதுவும் நடக்கல. மேலோட்டமாத்தான் இருந்தோம். ஆனா விந்து அவங்க மேல பட்டுடுச்சு. எங்கள்ல யாருக்காவது எச்.ஐ.வி. வருமா?” என்று கேட்டார். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றார்.

உள்ளே நுழைந்ததா, ரத்தம் ஏதும் வந்ததா, இருவரில் யாருக்காவது எச்.ஐ.வி. இருப்பது தெரியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றார். எச்.ஐ.வி. வராது என்று தெளிவாகச் சொன்னேன். அந்தப் பதிலில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், யோனித் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவை வழியாகத்தான் அந்தக் கிருமி பரவுகிறது. அந்தத் திரவம் உடலின் உள்சவ்விலோ வெட்டுக்காயத்திலோ நேரடியாக ரத்தத்திலோ சேர வேண்டும். எச்சிலிலும் வியர்வையிலும் அது பரவுவதில்லை. காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மாத்திரைகள் அவருக்குத் தேவைப்படவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது மேலும் கேட்டிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அவர் குரலில் இருந்த பதற்றத்தைத் தணிக்க நினைத்து, “பயப்பட ஒண்ணுமே இல்ல, நிம்மதியா இருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கேட்டது ஒரே ஒரு நோயைப் பற்றி. நான் உறுதி கொடுத்தது எல்லா நோய்க்கும். அன்றே அவர் பெண்ணிடம், “கேட்டுட்டேன், ஒண்ணும் வராதாம்” என்று சொல்லியிருக்கிறார்.

விந்து தொடையில் எந்த இடத்தில் பட்டது, யோனி வாய்க்கு எவ்வளவு அருகில் என்பதையும் நான் கேட்கவில்லை. உள்ளே நுழையாவிட்டாலும் விந்து யோனி வாயில் பட்டால் கர்ப்பத்துக்குச் சிறிய வாய்ப்பு உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு அன்று நேரம் இருந்தது.

## 5 முதல் 7ஆம் நாள் வரை: நீர்க்கடுப்பு

5ஆம் நாள் பெண்ணுக்கு உடம்பு வலி, லேசான காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். அருகில் இருந்த ஒரு பொது மருத்துவரிடம் நீர்க்கடுப்பு என்று சொன்னார். சிறுநீர்த் தொற்று என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். உடலைப் பரிசோதிக்கவில்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு என்றால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றுதான், அதனால் அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணும் வேறெதுவும் சொல்லவில்லை. “ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு அதைச் சொல்லணும்னு நினைச்சேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னார். என் வாக்கியம் அவர் வாயையும் அடைத்திருந்தது.

7ஆம் நாள் வலி கூடியது. உட்கார முடியவில்லை. சிறுநீர் வந்துவிடுமோ என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதனால் எரிச்சல் இன்னும் அதிகமானது. சிறுநீர்ப் பரிசோதனையில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது.

## 8ஆம் நாள்: நேரில் பார்த்தது

இருவரும் சேர்ந்தே வந்தார்கள். இளைஞரின் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. எங்கள் மருத்துவர் பெண்ணைத் தனியாகப் பரிசோதித்தார். பிறப்புறுப்பின் வெளி உதடுகளில் கொத்துக் கொத்தாகச் சிறிய நீர்க்கொப்புளங்கள். சில உடைந்து மேலோட்டமான புண்களாகியிருந்தன. தொட்டாலே வலித்தது. இரண்டு தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருந்தது. எரிச்சலுக்குக் காரணம் சிறுநீர்ப் பாதையின் உள்ளே இல்லை. சிறுநீர் இந்தப் புண்கள்மேல் பட்டதால்தான் எரிந்தது.

கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் தொற்றான ஹெர்பெஸ் என்று மருத்துவர் சந்தேகித்தார். தொடுதலுக்கும் கொப்புளத்துக்கும் இடையே 2 முதல் 12 நாள் ஆகலாம். பெரும்பாலும் 4 நாள் அளவில் தொடங்கிவிடும். இவருக்கு 5ஆம் நாள். ஹெர்பெஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பெண், “அது அக்கிதானே?” என்று கேட்டார். அந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறோம். நாம் அக்கி என்று சொல்வது சின்னம்மைக் கிருமி பல ஆண்டு கழித்து மறுபடி எழுவதால் வருவது. அதே குடும்பம், ஆனால் வேறு கிருமி.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அங்கேதான் முதல் நாள் நான் விட்ட இடம் புரிந்தது. நம் பேச்சில் ‘உறவு’ என்றால் ஒன்றுதான். அது நடக்கவில்லை என்றால் மற்ற எதற்கும் பெயரே இல்லை. ‘மேலோட்டமா’, ‘சும்மா’, ‘அந்த அளவுக்குப் போகல’ என்ற சொற்களுக்குள் எல்லாம் மறைந்துவிடும். “உறவு வைத்துக்கொண்டீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்ற நேர்மையான பதில் வரும், விசாரணையும் அங்கேயே முடிந்துவிடும். இந்த முறை உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். வாய் எங்கே பட்டது, கை எங்கே பட்டது, பிறப்புறுப்பு எதன்மீது உரசியது, நடுவில் துணி இருந்ததா, திரவம் எங்கே பட்டது, யாருக்காவது எங்கேயாவது புண், கொப்புளம், மரு, அரிப்பு இருந்ததா. கேட்கும்போது எனக்கே முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு அது நிம்மதியாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். சொல்ல வார்த்தை இல்லாமல் தவித்ததை நானே சொல்லிவிட்டேன், அவர்கள் ஆம், இல்லை என்றால் போதும்.

கடைசிக் கேள்விக்கு இளைஞர், “புண்ணெல்லாம் இல்ல. உதட்டுல சூட்டுக் கொப்புளம் இருந்துச்சு, அது எப்பவும் வர்றதுதான்” என்றார்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடையாத கொப்புளம் ஒன்றைத் திறந்து அதன் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினோம். புண் ஆறிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும், அதனால் அதைத்தான் முதலில் செய்தோம். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஏசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினார்கள். முதல் முறை வருகிற ஹெர்பெஸுக்கு 7 முதல் 10 நாள் வரை அது தேவை. சீக்கிரம் தொடங்கினால் வலி நாட்கள் குறையும். நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தினார்கள். வலி மாத்திரை, நிறையத் தண்ணீர், சிறுநீர் கழிக்கும்போதே அந்த இடத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொள்வது. இந்தக் கடைசி யோசனை சின்னதுதான், ஆனால் அன்று இரவே பெரிய ஆறுதலாக இருந்தது என்று பெண் சொன்னார்.

மற்ற சோதனைகளைப் பற்றி யோசிக்கும்போது மூன்று விதமான பரவலைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டோம். முதல் நாள் நான் செய்யாதது இதுதான்.

திரவத்தை நம்பிப் பரவுகிறவை ஒரு பக்கம். எச்.ஐ.வி. பற்றி ஏற்கெனவே சொன்னேன். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி அதைவிட எளிதாகப் பரவும், உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். இருவரும் அதற்கான தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்கள் என்று பழைய அட்டையில் இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

உள்சவ்வில் வளர்பவை இன்னொரு பக்கம். பாக்டீரியாவால் வரும் வெட்டை நோயும் (கொனோரியா) கிளமிடியாவும் சிறுநீர்த் துளை, கருப்பை வாய், மலக்குடல், தொண்டை, கண் ஆகிய இடங்களில் குடியேறுபவை. தோலோடு தோல் உரசுவதால் மட்டும் வருவதில்லை. ஆனால் ஆடையில்லாமல் பிறப்புறுப்புகள் நேராக உரசி, கசிவு இங்கிருந்து அங்கே போனால் வரலாம். கையில் ஒட்டிய கசிவு கண்ணில் பட்டாலும் வரலாம். வாய் வழியாகத் தொண்டைக்கு வெட்டை நோய் போவது நன்றாகத் தெரிந்த விஷயம். தொண்டையில் அது பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. எனவே இருவருக்கும் இந்த இரண்டு சோதனைகளையும் எடுத்தோம், இளைஞருக்குத் தொண்டை மாதிரியும் சேர்த்து.

மூன்றாவது பக்கம்தான் இந்த நிகழ்வின் மையம்: தோலும் சவ்வும் தொட்டாலே பரவுகிறவை. ஹெர்பெஸ், மரு உண்டாக்கும் எச்.பி.வி., சிபிலிஸ் புண், சின்ன முத்துப்போல் வரும் மொலஸ்கம், சொறி. இவற்றுக்கு உள்ளே நுழைதல் என்ற நிபந்தனையே கிடையாது. ஆணுறைகூட இவற்றை ஓரளவுதான் தடுக்கும், அது மூடாத தோல் நிறைய இருக்கிறது. இதில் சிபிலிஸை நான் மிகவும் அஞ்சுகிறேன். அதன் முதல் புண் வலிக்காது. உதட்டிலோ வாய்க்குள்ளோ பிறப்புறுப்பின் மடிப்பிலோ இருந்துவிட்டுத் தானே ஆறிவிடும். கிருமி மட்டும் உள்ளே தொடரும். தொட்ட 10 முதல் 90 நாளுக்குள் அந்தப் புண் வரலாம், சராசரியாக 21 நாள். 8ஆம் நாள் எடுக்கிற ரத்தச் சோதனை அந்த மாலையில் வந்ததைக் காட்டாது. ஏற்கெனவே இருந்ததை மட்டும் காட்டும். அந்தத் தொடக்க நிலை தெரிய வேண்டும் என்பதால் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் அன்றே ஒரு முறை எடுத்து, மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுத்தோம்: எச்.ஐ.வி. 45ஆம் நாள், சிபிலிஸ் 90ஆம் நாள். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனை 45 நாளில் முடிவாகச் சொல்லிவிடும். அவர்களுக்கு எச்.ஐ.வி. வர வழியில்லை என்று நான் நம்பினாலும், இளைஞரின் மனம் ஒரு காகிதத்தைப் பார்க்காமல் அடங்காது என்பதும் தெரிந்தது.

எச்.பி.வி.க்குச் சோதனை செய்யவில்லை. ஆண்களுக்கு அப்படிப் பொதுவான சோதனை எதுவும் இல்லை. பெண்களுக்கு அது கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க உரிய வயதில் செய்யப்படுவது, ஒரு மாலைக்குப் பின் செய்வதல்ல. பெரும்பாலான எச்.பி.வி. தொற்றுகளை இரண்டு ஆண்டுக்குள் உடலே அகற்றிவிடும். தடுப்பூசி போடாதவர் என்பதால் அதைப் பற்றி மட்டும் பெண்ணிடம் பேசினோம். அவசரக் கருத்தடைக்கான 5 நாள் கடந்திருந்ததால் 21ஆம் நாள் கர்ப்பச் சோதனை என்று குறித்தோம்.

## 11ஆம் நாள்: இரண்டு காகிதங்கள்

பி.சி.ஆர். முடிவு வந்தது: ஹெர்பெஸ் முதல் வகை. உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான அதே வகை.

ஆனால் அதற்கு முந்தைய நாளே வேறொரு காகிதம் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. எங்களிடம் சொல்லாமல் இளைஞர் ஓர் ஆய்வகத்தில் ‘பால்வினை நோய் முழுத் தொகுப்பு’ என்ற ரத்தச் சோதனையைச் செய்திருந்தார். அதில் ‘ஹெர்பெஸ் 1, 2 ஐ.ஜி.எம். பாசிட்டிவ்’ என்று இருந்தது. ஐ.ஜி.எம். என்பது கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஒருவகை எதிர்ப்பொருள். இணையத்தில் தேடிப் பார்த்து, இரண்டாம் வகை என்றால் பிறப்புறுப்பு ஹெர்பெஸ், ஐ.ஜி.எம். என்றால் புதிதாக வந்தது என்று படித்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு அது ஒன்றைத்தான் சொன்னது. “மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்ககிட்டருந்து வந்ததா, இல்ல இப்பவும் யாராவது இருக்காங்களா?” என்று அன்று இரவே கேட்டிருக்கிறார். இளைஞரும் பதிலுக்கு, “உனக்குத்தானே வந்திருக்கு, எனக்கு ஒண்ணும் இல்லையே” என்று சொல்லியிருக்கிறார். இந்தச் சொல்லை அவர் பின்னால் என்னிடம் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

ஹெர்பெஸுக்கு ஐ.ஜி.எம். சோதனை செய்யக்கூடாது. முதல் வகையையும் இரண்டாம் வகையையும் அது நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. பழைய தொற்று மறுபடி எழும்போதும் பாசிட்டிவ் காட்டும், ஒன்றுமே இல்லாதவருக்கும் சில நேரம் காட்டும். புதிதா பழையதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பெஸ் ரத்தச் சோதனையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதும் இல்லை. ஒரு பட்டியலின் நடுவே அந்த வரி சேர்க்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அது கிட்டத்தட்ட ஓர் உறவை உடைத்தது.

## 12ஆம் நாள்: இருவரோடும் பேசியது

முதலில் தனித்தனியாக, பிறகு சேர்ந்து. சேர்ந்து மட்டும் பேசியிருந்தால் பெண் வாயே திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இளைஞரிடம் உதட்டுக் கொப்புளத்தின் கதையைச் சொன்னேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 விழுக்காட்டினருக்கு, இந்த முதல் வகை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதில், வீட்டுப் பெரியவர் யாரோ கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். முகத்தின் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ச்சல், வெயில், களைப்பு என்று ஏதாவது ஒன்றில் எழுந்து உதட்டுக்கு வரும். உடல் சூடு அதைக் கிளப்பலாம்; காரணம் சூடு இல்லை, கிருமி. உதட்டில் இருக்கும் கிருமி வாய் வழியாகப் பிறப்புறுப்புக்குப் போனால் அங்கே கொப்புளம் வரும், பிறகு இடுப்பின் அடிப்பகுதி நரம்பு முடிச்சில் தங்கிவிடும். பொருக்குத் தட்டியிருந்தாலும் முழுதும் ஆறாதவரை பரவும். கொப்புளமே இல்லாத நாட்களிலும் சில நேரம் கிருமி வெளியே வரும்.

“அப்ப சின்ன வயசுலருந்து என்கிட்ட இருந்ததை நான் அவங்களுக்குக் குடுத்துட்டேனா?” என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். பெண்ணுக்கு நெறி, காய்ச்சல் என்று இவ்வளவு கடுமையாக வந்ததும், நாட்கணக்கும், கொப்புளத்தின் காலமும், கிடைத்த வகையும் அதையே காட்டின. சட்டப்படி நிரூபிக்கிற மாதிரி உறுதி இல்லை என்பதையும் சொன்னேன். அன்றே பெண்ணுக்கு ஐ.ஜி.ஜி. என்ற வேறு ரத்தச் சோதனை எடுத்தால், இது அவருக்குப் புதியதா என்று இன்னும் கொஞ்சம் தெளிவாகும், சிகிச்சை மாறாது. வேண்டுமா என்று இருவரையும் கேட்டோம். வேண்டாம் என்றார்கள்.

அவர் தெரிந்து செய்யவில்லை. அதைச் சொன்னேன். ஆனால் விஷயத்தை லேசாக்கவும் எனக்கு மனம் வரவில்லை, வலித்தது பெண்ணுக்கு. இனி உதட்டில் குறுகுறுப்பு தொடங்கியது முதல் தோல் முழுதும் ஆறும்வரை முத்தமும் வேண்டாம், வாயால் தொடுவதும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன்.

பெண்ணின் கேள்விகள் வேறு. இது போய்விடுமா? போகாது, ஆனால் அடங்கிக் கிடக்கும். பிறப்புறுப்பில் வரும் முதல் வகை, இரண்டாம் வகையைவிடக் குறைவாகவே திரும்ப வரும். முதல் ஆண்டுக்குள் அது இன்னும் குறைந்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழந்தை பெற்றுக்கொள்வதில் சிக்கல் வருமா என்று கேட்டார். கர்ப்பத்துக்கு முன்பே வந்திருந்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு, நூற்றில் ஒன்றுக்கும் கீழே. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாக வந்தால்தான் ஆபத்து பெரிது. மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், கடைசி வாரங்களில் மாத்திரை கொடுத்துப் பிரசவ நேரத்தில் புண் வராமல் பார்த்துக்கொள்வார்கள். இதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார். அதுவரை அழவில்லை.

சேர்ந்து பேசியபோது அந்த ஆய்வகக் காகிதத்தை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொன்னேன். என் முதல் நாள் பதிலையும் சொன்னேன். தொலைபேசியில் பேசியது நான்தான், எச்.ஐ.வி.க்கு நான் சொன்னது சரி, “ஒண்ணுமே இல்ல” என்றது தவறு, அதற்காக வருந்துகிறேன் என்று. பெண், “உதட்டைப் பத்தி அன்னிக்கே கேட்டிருந்தா?” என்றார். கேட்டிருந்தாலும் தொற்று முந்தின நாளே நடந்துவிட்டது. ஆனால் எரிச்சல் தொடங்கியதுமே எங்களிடம் வந்திருப்பார். மூன்று நாள் வலியும், தேவையில்லாத மாத்திரையும், அந்த இரவுச் சண்டையும் பெரும்பாலும் தவிர்ந்திருக்கும். இதை அவரிடம் அப்படியே ஒத்துக்கொண்டேன்.

## பிறகு நடந்தவை

18ஆம் நாள் புண்கள் தழும்பில்லாமல் ஆறியிருந்தன. வெட்டை நோய், கிளமிடியா சோதனைகளில் இருவருக்கும் எதுவும் இல்லை. 21ஆம் நாள் கர்ப்பச் சோதனையில் இல்லை என்று வந்தது. அதே வாரம் மாதவிலக்கும் வந்தது. 45ஆம் நாள் எச்.ஐ.வி. இருவருக்கும் இல்லை. 90ஆம் நாள் சிபிலிஸும் இல்லை. இளைஞர் நடுவில் மூன்று முறை, “இன்னொரு தடவை எச்.ஐ.வி. எடுக்கட்டுமா?” என்று அழைத்தார். வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பயத்தைப் பற்றியே இரண்டு அமர்வு பேச வேண்டியிருந்தது. வர வழியில்லாத நோய்க்கு அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார். வர வழியிருந்ததை அவர் ஆயுள் முழுக்கச் சூடு என்றே நினைத்திருந்தார்.

7ஆம் மாதம் பெண்ணுக்கு ஒருமுறை இரண்டு சிறு கொப்புளங்கள் திரும்ப வந்தன. காய்ச்சல் இல்லை, நெறி இல்லை. முன்பே வாங்கி வைத்திருந்த மாத்திரையை அன்றே தொடங்கினார், 5 நாளில் ஆறியது. எச்.பி.வி. தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். இருவரும் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். சேர்ந்திருப்பது எளிதாக இருக்கவில்லை என்று பெண் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

## எங்கள் பிரிவில் மாற்றியவை

தொலைபேசி ஆலோசனைக்கான கேள்வித்தாளில் “உடலுறவு நடந்ததா?” என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் உறுப்பு வாரியான கேள்விகள்: வாய், கை, பிறப்புறுப்பு, ஆசனவாய், எது எதைத் தொட்டது, துணி இருந்ததா. ஆடைமேல் நடந்த உரசலுக்கும் ஆடையில்லாத உரசலுக்கும் நாங்கள் தரும் பதில் வேறு. முதலாவதற்கு இந்த நோய்கள் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை என்று சொல்லலாம்.

பதில் சொல்லும்போது நோயின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். எச்.ஐ.வி. வராது என்று உறுதியாகச் சொல்லலாம். அதே மூச்சில், தோல் தொடுதலில் வரக்கூடியவை இவை, இந்த நாட்களுக்குள் கொப்புளம், வலியில்லாத புண், மரு, அரிப்பு வந்தால் நேரில் வாருங்கள் என்றும் சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் பயம் கூடிவிடும் என்று எங்களில் ஒருவர் தயங்கினார். அந்தக் கவலை நியாயமானது. பதற்றத்தோடு அழைப்பவரிடம் எல்லாப் பெயரையும் கொட்டுவதில்லை, அவர் சொன்ன தொடுதலுக்குப் பொருந்தியதை மட்டும் சொல்கிறோம்.

நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களிடம், வெளியே தோலில் எரிகிறதா உள்ளே எரிகிறதா என்று கேட்கச் சொல்லி, எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் பொது மருத்துவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினோம். ஹெர்பெஸ் ஐ.ஜி.எம். உள்ள ‘தொகுப்பு’ச் சோதனைகளைச் செய்ய வேண்டாம் என்று வருகிற எல்லாரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்கிறோம். இந்த இளைஞரிடம் 8ஆம் நாளே அதைச் சொல்லியிருக்கலாம்.

புதிய கேள்வித்தாளில் ‘ஹெர்பெஸ் உண்டா?’ என்று எங்கும் இல்லை. “உங்களுக்கோ அவருக்கோ உதட்டில் சூட்டுக் கொப்புளம் வருவதுண்டா, கடைசியாக எப்போது வந்தது?” என்று இருக்கிறது. அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தது அந்த இளைஞர்தான்.